ஒரே கணினியில் பல ப்ராஜெக்ட், பல வெர்ஷன்: ஒன்றோடொன்று மோதாமல் வைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

பழைய ஜாங்கோ ப்ராஜெக்ட் ஒன்று பைத்தான் 3.8 கேட்கிறது, புதியது 3.12 கேட்கிறது. ஒரு ஃபிரன்ட்எண்ட் ஆப் நோட் 16-இல்தான் பில்ட் ஆகிறது. இன்னொன்று 20-க்குக் கீழே தொடங்கவே மாட்டேன் என்கிறது. எல்லாமே ஒரே லேப்டாப்பில், ஒரே நாளில் ஓடியாக வேண்டும்.

புதிதாக டீமில் சேர்ந்தவர்கள் இதில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். கருவி தெரியாமல் விழுபவர்கள் குறைவு. வரிசையை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்பவர்களே அதிகம். எந்த வெர்ஷன் என்று முடிவாகும் முன்பே பேக்கேஜ்களை இறக்கிவிடுகிறார்கள். பிழை வந்ததும் வெர்ஷனை மாற்றுகிறார்கள். ஆனால் பழைய வெர்ஷனுக்காக இறங்கியவை அப்படியே கிடக்கின்றன. அதன்பிறகு வரும் ஒவ்வொரு பிழையும் வேறெங்கோ கை காட்டும்.

என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: எந்த வெர்ஷன் என்ற தகவல் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு ஃபைலில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஃபைலுக்கு உயிர் கொடுப்பதற்காகத்தான்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். லினக்ஸ், மேக் இரண்டுக்கும் இது பொருந்தும். விண்டோஸில் இருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் செய்வது நல்லது. பைத்தான் வெர்ஷன்களை மாற்றித் தரும் பைஎன்வ் விண்டோஸில் நேரடியாக இயங்காது. நோட்டுக்கு அதே வேலையைச் செய்யும் என்விஎம்மின் பெயரில் விண்டோஸுக்குக் கிடைப்பதும் வேறொரு தனி ப்ராஜெக்ட்தான், அதன் நடத்தை முழுக்க ஒன்றாக இருக்காது.

1. முதலில், பதில் சொல்வது யார் என்று பாருங்கள்

எதையும் நிறுவுவதற்கு முன் "டைப் -ஏ பைத்தான்3" என்று அடியுங்கள். நோட், ரூபி, ஜாவா என்று நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொன்றுக்கும் இதையே செய்யுங்கள். கணினியில் அந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எது முந்திக்கொள்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் ஷெல், அதாவது டெர்மினலில் உங்கள் கட்டளையை வாங்கி ஓட்டும் புரோகிராம், செய்வது எளிய வேலை. பாத் என்ற மாறியில் உள்ள ஃபோல்டர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தப் பெயர் முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டிவிடும். எது புதிய வெர்ஷன் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. வெர்ஷன் மேனேஜர்கள், அதாவது ஒரு மொழியின் பல வெர்ஷன்களை நிறுவி மாற்றித் தரும் கருவிகள், பெரும்பாலும் செய்வது இந்த வரிசையின் முன்பக்கத்தில் தங்கள் ஃபோல்டரை நுழைப்பதைத்தான். இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி தானாகத் தீரும்.

நோட் மூன்று இடங்களில் இருந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன்: ஒன்று ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பேக்கேஜ் மேனேஜர் போட்டது, ஒன்று இணையதளத்தில் இறக்கிய இன்ஸ்டாலர் போட்டது, மூன்றாவது என்விஎம் வழியாக வந்தது. நீங்களே போட்ட முதல் இரண்டையும் இப்போதே நீக்கிவிடுங்கள். பிறகு நீக்கலாம் என்று விட்டால், என்விஎம் ஏற்றப்படாத ஏதோ ஒரு ஷெல்லில் பழைய நோட் சத்தமில்லாமல் ஓடும். நீங்கள் பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு சிறு விஷயம். பாஷ் என்ற ஷெல், தான் ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். எதையாவது நீக்கிய பின்னும் பழைய பாதையையே தேடினால் "ஹாஷ் -ஆர்" அடியுங்கள், அல்லது புதிய டெர்மினல் திறவுங்கள்.

2. சிஸ்டத்தோடு வந்ததைத் தொடாதீர்கள்

மேலே நீக்கச் சொன்னது நீங்கள் போட்டவற்றை மட்டும். லினக்ஸோடு வந்த பைத்தான் உங்களுக்காக வைக்கப்பட்டதல்ல. சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதை நம்பி ஓடுகின்றன. அதை நீக்குவது, அதன் சிம்லிங்க்கை (வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) 3.12-க்குத் திருப்பிவிடுவது, "சூடோ பிப் இன்ஸ்டால்" (சூடோ நிர்வாகி உரிமையில் ஓட்டும், பிப் பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும்) என்று அதற்குள் எதையாவது திணிப்பது மூன்றும் ஒரே ஆபத்துதான். ஒருவர் அந்த சிம்லிங்க்கை மாற்றிவிட்டு, மறுநாள் டெர்மினலே திறக்காமல் வந்து நின்றார்.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் பிப் இதைத் தானே தடுக்கிறது. "எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்ற பிழை வருவது அதனால்தான். அதைத் தாண்ட "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்றொரு ஆப்ஷன் உண்டு. பெயரே என்ன நடக்கும் என்று சொல்கிறது. அதைப் போடத் தோன்றினால், 7-வது படியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

"சூடோ" விஷயத்தில் பொதுவான விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: மொழியின் பேக்கேஜ் எதையும் சூடோவோடு நிறுவாதீர்கள். சூடோ பெரும்பாலும் உங்கள் பாத்தை ஒதுக்கிவிட்டுத் தன் பாத்தையே எடுத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த வெர்ஷனுக்குப் பதில் சிஸ்டத்தின் வெர்ஷனுக்குள் போய் உட்காரும். ஃபைல்களின் உரிமையும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் போய்விடும்.

3. ப்ராஜெக்ட் எந்த வெர்ஷனைக் கேட்கிறது?

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். ரீட்மியை மட்டும் படித்துவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம். ஆனால் ரீட்மி எழுதியபோது இருந்த நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறாக இருக்கலாம்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் சிஐ அமைப்பின் (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிப்பது) ஃபைலும், ஆப் ஓடும் சூழலை உருவாக்கும் குறிப்பான டாக்கர்ஃபைலும். அவை உண்மையில் தினமும் ஓடுபவை, ஆகவே பொய் சொல்ல வாய்ப்பு குறைவு. அடுத்து வெர்ஷன் ஃபைல்கள்: .என்விஎம்ஆர்சி, .பைத்தான்-வெர்ஷன், .ரூபி-வெர்ஷன், .டூல்-வெர்ஷன்ஸ் போன்றவை. இவை புள்ளியில் தொடங்குவதால் சாதாரண "எல்எஸ்" காட்டாது, "எல்எஸ் -ஏ" போட வேண்டும். அதன்பிறகு பேக்கேஜ்.ஜேசனில் "எஞ்ஜின்ஸ்" பகுதி, பைப்ராஜெக்ட்.டாம்லில் "ரிக்வயர்ஸ்-பைத்தான்", ஜெம்ஃபைலில் ரூபி வரி, கம்போசர்.ஜேசனில் பிஎச்பி வரி.

எதிலுமே இல்லையென்றால் ஃபிரேம்வொர்க்கிலிருந்து (ஜாங்கோ, ரெயில்ஸ் போல ஆப் எழுத அடித்தளம் தருவது) பின்னோக்கி வாருங்கள். ஃபிரேம்வொர்க்கின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனும் மொழியின் ஒரு வரம்போடு கட்டப்பட்டிருக்கிறது. ஜாங்கோ 3.2 பைத்தான் 3.6 முதல் 3.10 வரை, ஜாங்கோ 5.0-க்குக் குறைந்தது 3.10. ஸ்பிரிங் பூட் 3-க்கு ஜாவா 17 கட்டாயம். லாராவெல் 10-க்கு பிஎச்பி 8.1, லாராவெல் 11-க்கு 8.2. ரெயில்ஸ் 8-க்கு ரூபி 3.2. ஆங்குலர் 17-க்கு நோட் 18.13 அல்லது 20.9 முதல். ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கின் ஆவணத்திலும் இந்த அட்டவணை இருக்கும். அதைத் திறந்து பாருங்கள், ஊகிக்க வேண்டாம்.

நோட் ப்ராஜெக்ட்டில் அதற்கும் வழியில்லை என்றால் லாக் ஃபைலே (நிறுவிய பேக்கேஜ்களின் துல்லியமான வெர்ஷன் பட்டியல்) சாட்சி சொல்லும். பேக்கேஜ்-லாக்.ஜேசனின் மேலே "லாக்ஃபைல்வெர்ஷன்" என்றொரு எண் இருக்கும். 1 என்றால் நோட்டின் பேக்கேஜ் கருவியான என்பிஎம் 6 அல்லது அதற்கு முந்தையது, அதாவது நோட் 14 அல்லது அதற்கு முந்தைய காலம். 2 என்றால் என்பிஎம் 7 அல்லது 8. 3 என்றால் பெரும்பாலும் என்பிஎம் 9-க்குப் பிறகு. கூடவே அந்த ஃபைலை கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) கடைசியாக யார் எப்போது தொட்டார்கள் என்று பாருங்கள். நோட்டின் இரட்டைப்படை வெர்ஷன்கள்தான் நீண்டகால ஆதரவுக்கு வரும்: 16 அந்த நிலைக்கு வந்தது 2021 அக்டோபரில், 18 வந்தது 2022 அக்டோபரில், 20 வந்தது 2023 அக்டோபரில். 2022 நடுவில் கடைசியாகத் தொடப்பட்ட லாக் ஃபைல் என்றால் நான் 16-இல் தொடங்குவேன்.

கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இன்னும் எதையும் நிறுவ வேண்டாம்.

4. ஒரே ஒரு வெர்ஷன் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே மொழியில் மட்டும் வேலை என்றால் அந்த மொழிக்கானது போதும். நோட்டுக்கு என்விஎம் அல்லது எஃப்என்எம், பைத்தானுக்கு பைஎன்வ் அல்லது யூவி, ரூபிக்கு ஆர்பிஎன்வ், ஜாவாவுக்கு எஸ்டிகேமேன். மூன்று நான்கு மொழிகள் கலந்து வந்தால் ஏஎஸ்டிஎஃப் அல்லது மீஸ் வசதி. எல்லா மொழிகளின் வெர்ஷனும் ஒரே ஃபைலில் வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் மீஸ் சொல்வேன். ஏஎஸ்டிஎஃப்-இன் .டூல்-வெர்ஷன்ஸ் ஃபைலையும் அது படிக்கும், ஆகவே டீமில் மற்றவர்கள் வேறொன்றைப் பயன்படுத்தினாலும் சிக்கல் இல்லை.

ஒரே மொழிக்கு இரண்டு மேனேஜர் வைக்காதீர்கள். பைஎன்வ் ஒரு பக்கம், ஏஎஸ்டிஎஃப் ஒரு பக்கம் பைத்தானைப் பிடித்திழுத்தால், ஷெல் ஃபைலில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்) எந்த வரி கடைசியில் இருக்கிறதோ அது ஜெயிக்கும். அது எது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பது வீண் வேலை.

நிறுவியதும் மேனேஜர் தன்னை ஏற்றும் வரியை ஷெல் ஃபைலில் சேர்க்கச் சொல்லும். உங்கள் ஷெல் எது என்று முதலில் பாருங்கள். மேக்கில் இயல்பாக இருப்பது இசட்எஸ்எச். அங்கே பாஷின் ஃபைலான .பாஷ்ஆர்சியில் எழுதினால் ஒன்றும் நடக்காது. நிறைய பேர் ஒரு மணி நேரத்தை இழப்பது இங்கேதான். வரியை ஃபைலின் கடைசியில் வையுங்கள். பாத்தை மாற்றும் வேறு வரிகள் அதற்குப் பின்னால் இருந்தால் மேனேஜரின் ஃபோல்டரைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

"என்விஎம் நிறுவினேன், ஆனால் விச் போட்டால் எதையும் காட்டவில்லை" என்று பலர் கேட்பார்கள். என்விஎம் ஒரு புரோகிராம் ஃபைலாக இருப்பதில்லை. அது ஷெல்லில் ஏற்றப்படும் ஒரு ஃபங்ஷன். "கமாண்ட் -வி என்விஎம்" அடித்து, பெயர் திரும்ப வந்தால் சரியாக ஏறியிருக்கிறது.

கோ, ரஸ்ட் இரண்டுக்கும் இந்தத் தலைவலி குறைவு. கோ 1.21 முதல், கோ.மாட் ஃபைல் கேட்கும் டூல்செயினைத் தானே இறக்கிக்கொள்ளும். ரஸ்டில் ரஸ்ட்-டூல்செயின்.டாம்ல் எழுதி வைத்தால் ரஸ்ட்அப் பார்த்துக்கொள்ளும்.

5. நிறுவும் முன் தேவைப்படும் லைப்ரரிகள்

பைஎன்வ், ஆர்பிஎன்வ் இரண்டும் பொதுவாக மொழியின் மூலக் குறியீட்டை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும். அதற்கு கம்பைலரும், ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட், ரீட்லைன், பிசிப்2 ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களும் தேவை. இவை முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இவற்றில் எஸ்க்யூலைட் போன்ற சில இல்லாவிட்டாலும் பைத்தான் நிறுவப்பட்டுவிடும். நடுவில் ஒரு எச்சரிக்கை ஓடிப்போகும், கடைசியில் வெற்றி என்று வரும். நான்கு நாள் கழித்து எஸ்க்யூலைட் மாட்யூல் இல்லை என்று பிழை வரும்போது யாருக்கும் இது நினைவுக்கு வராது. பிப் வழியாக அதைச் சேர்க்க முடியாது. லைப்ரரியைப் போட்டுவிட்டு, அந்தப் பைத்தானையே நீக்கி மறுபடி கம்பைல் செய்வதுதான் வழி.

யூவி, என்விஎம் போன்றவை ஏற்கெனவே கம்பைல் ஆனதை இறக்குவதால் இந்தப் படி தேவைப்படாது. ஆனால் மிகப் பழைய வெர்ஷன்களில் வேறு தடை வரும். உதாரணமாக, ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளுக்கு நோட் 16-இலிருந்துதான் நேரடி பைனரி உண்டு. 14 வேண்டுமென்றால் எளிய வழி ரொசெட்டா, அதாவது இன்டெல் மேக்குக்கான புரோகிராம்களை ஓட்டும் ஆப்பிளின் கருவி.

6. வெர்ஷனை நிறுவி, உடனே ஃபைலில் எழுதுங்கள்

இரண்டையும் ஒரே மூச்சில் செய்யுங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் "பைஎன்வ் இன்ஸ்டால் 3.12" அடித்து, முடிந்ததும் "பைஎன்வ் லோக்கல் 3.12". இரண்டாவது கட்டளை .பைத்தான்-வெர்ஷன் என்ற ஃபைலை உருவாக்கும். நோட்டுக்கு .என்விஎம்ஆர்சி ஃபைலில் எண்ணை நீங்களே எழுதிவிட்டு, அதே ஃபோல்டரில் "என்விஎம் இன்ஸ்டால்" அடித்தால் அந்த ஃபைலைப் படித்து நிறுவும்.

"குளோபல்", "லோக்கல்", "ஷெல்" என்ற மூன்று நிலைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குளோபல் என்பது எந்த ஃபைலும் இல்லாத இடத்தில் பொருந்துவது. லோக்கல் ஃபோல்டருக்கானது, உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களுக்கும் சேர்த்து. ஷெல் அந்த டெர்மினல் மூடும்வரை மட்டும், மற்ற இரண்டையும் அது மீறும். ஷெல் நிலையை எதையாவது ஒருமுறை சோதித்துப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ப்ராஜெக்ட்டுக்காக குளோபலை மாற்றினால் நீங்கள் தொடாத வேறொரு ப்ராஜெக்ட் உடையும்.

எவ்வளவு துல்லியமாக எழுதுவது? ஆப் என்றால் 20.11.1 போல முழு எண்ணையும் எழுதுங்கள். வெறும் 20 என்று எழுதினால் என் கணினியில் ஒரு 20, சர்வரில் இன்னொரு 20 இருக்கும். பிறர் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் வரம்பாக எழுதி, வரம்பின் இரு முனைகளிலும் டெஸ்ட் ஓட்ட வேண்டும்.

ஃபைலை கிட்டில் கமிட் செய்யுங்கள். என்விஎம் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃபோல்டருக்குள் நுழைந்தாலே வெர்ஷன் மாறும் என்று நினைக்காதீர்கள். அதைத் தானாகச் செய்யும் சிறு கோடை (ஹூக்) ஷெல் ஃபைலில் நீங்களே சேர்க்காதவரை, ஒவ்வொரு முறையும் "என்விஎம் யூஸ்" அடிக்க வேண்டும். எஃப்என்எம், மீஸ் இரண்டிலும் தானாக மாறும்படி அமைக்கலாம்.

7. பேக்கேஜ்களுக்குத் தனி இடம் கொடுங்கள்

வெர்ஷன் உறுதியான பின்புதான் இந்தப் படி. வெர்ஷன் மேனேஜர் மொழியை மட்டும் பிரிக்கிறது. 3.12 பயன்படுத்தும் இரண்டு ப்ராஜெக்ட்டுகள் ஜாங்கோ 4.2-யும் 5.0-வும் கேட்டால் அதனால் எதுவும் செய்ய முடியாது. அதற்கு பைத்தானில் வென்வ் (ஒரு ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்), ரூபியில் பண்ட்லர், நோட்டில் ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே இருக்கும் நோட்_மாட்யூல்ஸ்.

பைத்தானில் "பைத்தான் -எம் வென்வ் .வென்வ்" அடியுங்கள். அடுத்து ஆக்டிவேட் செய்து, "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்" என்று முழுதாக எழுதி நிறுவுங்கள். வெறும் பிப் என்று அடித்தால் அது எந்தப் பைத்தானின் பிப் என்பது பாத்தைப் பொறுத்தது. முன்னால் பைத்தான் என்று எழுதினால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

இங்கே நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் .பைத்தான்-வெர்ஷன் ஃபைலில் 3.10-ஐ 3.12 என்று மாற்றிவிட்டு, ப்ராஜெக்ட் இப்போது 3.12-இல் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். டெஸ்ட் எல்லாம் பாஸ். சர்வரில் ஏற்றியதும் டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை என்று நின்றுவிட்டது. 3.12-இல் அந்த மாட்யூல் நீக்கப்பட்டுவிட்டது உண்மைதான், ஆனால் அவர் கணினியில் ஏன் வரவில்லை? .வென்வ் ஃபோல்டருக்குள் இருக்கும் பைவென்வ்.சிஎஃப்ஜி ஃபைலைத் திறந்து பார்த்தோம். வெர்ஷன் வரியில் 3.10 என்றே இருந்தது. வென்வ் எந்தப் பைத்தானால் உருவாக்கப்பட்டதோ அதோடு பிறப்பிலேயே கட்டப்பட்டது. வெளியே ஃபைலை மாற்றினால் அது மாறாது. வெர்ஷனை மாற்றினால் .வென்வ் ஃபோல்டரை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள், விதிவிலக்கே வேண்டாம்.

அதே காரணத்தால் வென்வை வேறு இடத்துக்கு நகர்த்தவும் கூடாது, கிட்டில் ஏற்றவும் கூடாது. அதற்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும்.

நோட்டிலும் இதே கதை வேறு வடிவில் வரும். சி++ பகுதி உள்ள பேக்கேஜ்கள் நிறுவும்போது இருந்த நோட்டுக்காகக் கம்பைல் ஆனவை. நோட்டை மாற்றினால் "நோட் மாட்யூல் வெர்ஷன் 108, தேவை 115" என்ற பாணியில் பிழை வரும். 108 என்பது நோட் 18, 115 என்பது நோட் 20. நோட்_மாட்யூல்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

இனி ஃபிரேம்வொர்க். ஆங்குலர் சிஎல்ஐ, ரெயில்ஸ், ஜாங்கோ-அட்மின் போன்றவற்றை குளோபலாகப் போட்டுவிட்டு எல்லா ப்ராஜெக்ட்டிலும் அதையே ஓட்டுவது பழைய பழக்கம். ஃபிரேம்வொர்க்குக்கென்று தனி மேனேஜர் தேட வேண்டியதில்லை. அது இன்னொரு பேக்கேஜ், ப்ராஜெக்ட்டுக்குள் இருக்க வேண்டிய பேக்கேஜ். ஓட்டும்போது "என்பிஎக்ஸ் என்ஜி", "பண்டில் எக்ஸெக் ரெயில்ஸ்", "பைத்தான் -எம் ஜாங்கோ" என்று ப்ராஜெக்ட்டுக்குள் இருப்பதையே கூப்பிடுங்கள்.

"ப்ராஜெக்ட்டே இன்னும் இல்லை, புதிதாகத் தொடங்குகிறேன்" என்பவருக்கு: வெறும் ஃபோல்டரை உருவாக்கி, வெர்ஷன் ஃபைலை முதலில் எழுதி, வென்வ் போட்டு, ஜாங்கோ 4.2-ஐ அதற்குள் நிறுவி, பிறகு ஸ்டார்ட்ப்ராஜெக்ட். ரெயில்ஸில் "ரெயில்ஸ் _7.0.8_ நியூ" என்று எண்ணை இரு அடிக்கோடுகளுக்குள் கொடுத்தால், நிறுவியிருப்பவற்றில் அந்த வெர்ஷனே ஓடும். ஆங்குலரில் என்பிஎக்ஸுக்குப் பின்னால் சிஎல்ஐயின் பெயரோடு அட் குறியும் 17-உம் சேர்த்துக் கொடுக்கலாம்.

8. லாக் ஃபைலுக்கு மரியாதை கொடுங்கள்

லாக் ஃபைலை கமிட் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள ப்ராஜெக்ட்டை எடுக்கும்போது "என்பிஎம் இன்ஸ்டால்" வேண்டாம், "என்பிஎம் சிஐ" அடியுங்கள். அது லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே நிறுவும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். யூவியில் "யூவி சிங்க்", ரூபியில் "பண்டில் இன்ஸ்டால்" இரண்டும் லாக் ஃபைலிலிருந்து நிறுவும், ஆனால் பொருந்தாவிட்டால் இயல்பாக நிற்காமல் அதை மாற்றிவிடலாம்.

முதல் நாளே வேறு என்பிஎம் கொண்டு "இன்ஸ்டால்" அடித்தால், பழைய லாக் ஃபைல் புதிய வடிவத்துக்கு மாறி ஆயிரக்கணக்கான வரிகள் கிட் டிஃப்பில் வரும். அதைப் பார்த்தால் கமிட் செய்யாமல் திரும்ப எடுத்து, 3-வது படிக்குப் போங்கள்.

பேக்கேஜ்.ஜேசனில் "எஞ்ஜின்ஸ்" எழுதியிருந்தாலும் என்பிஎம் இயல்பாக எச்சரிக்கை மட்டுமே தரும். உண்மையில் தடுக்க வேண்டுமென்றால் .என்பிஎம்ஆர்சியில் "எஞ்ஜின்-ஸ்ட்ரிக்ட்" மதிப்பை ட்ரூ என்று வையுங்கள். அந்த ஒரு வரி டீமில் எத்தனையோ மாலைகளைக் காப்பாற்றும்.

9. எடிட்டர், சிஐ, க்ரான்: ஷெல்லுக்கு வெளியே உள்ளவை

டெர்மினலில் எல்லாம் சரியாக ஓடும், எடிட்டரில் சிவப்புக் கோடுகள் நிற்கும். எடிட்டர் உங்கள் ஷெல் ஃபைலைப் படித்திருக்கும் என்று உறுதியில்லை. விஎஸ் கோடில் இன்டர்பிரட்டர் தேர்வுக்குப் போய், .வென்வ்-க்குள் உள்ள பைத்தானைக் காட்டுங்கள்.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகளுக்கு மிகக் குறுகிய பாத்தே கிடைக்கும். அங்கே ஆக்டிவேட் செய்ய முயல வேண்டாம். .வென்வ்/பின்/பைத்தான் என்பதன் முழுப் பாதையை எழுதினால் போதும், அது தன் பேக்கேஜ்களைத் தானே கண்டுபிடிக்கும்.

ஜாவாவில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். "ஜாவா -வெர்ஷன்" பாத்தைப் பார்த்துச் சொல்வது, பில்ட் கருவியான மேவனோ ஜாவா_ஹோம் மாறியைப் பார்ப்பது. இரண்டும் வேறு வேறாக இருந்தால் தலை சுற்றும். "எம்விஎன் -வி" அடித்து அது காட்டும் ஜாவாவையும் சரிபாருங்கள்.

சிஐயில் வெர்ஷன் எண்ணை மறுபடி எழுதாதீர்கள். அதே ஃபைலைப் படிக்கச் சொல்லுங்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் "நோட்-வெர்ஷன்-ஃபைல்", "பைத்தான்-வெர்ஷன்-ஃபைல்" என்ற அமைப்புகள் இதற்காகவே உள்ளன. எண்ணையே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். யாம்ல் ஃபைலில் மேற்கோள் இல்லாமல் 3.10 என்று எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 ஆகிவிடும். பைத்தான் 3.1 கிடைக்கவில்லை என்ற பிழையை ஒரு மதியம் முழுக்க வெறித்துப் பார்த்திருக்கிறேன்.

10. புதிதாக எடுத்துச் சோதியுங்கள்

வேறொரு ஃபோல்டரில் ப்ராஜெக்ட்டை மறுபடி க்ளோன் செய்து, புதிய டெர்மினலில், மேலே சொன்ன கட்டளைகளை மட்டும் ஓட்டுங்கள். உங்கள் பழைய ஃபோல்டரில் கமிட் ஆகாத ஏதோ ஒன்று உதவிக்கொண்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். ஓடிய கட்டளைகளை அதே வரிசையில் ரீட்மியில் ஒட்டுங்கள். நான்கைந்து வரிக்கு மேல் போகாது.

11. கன்டெய்னர் எப்போது?

மொழியின் வெர்ஷன் மட்டும் வேறுபடுகிறது என்றால் மேலே உள்ளதே போதும். சிஸ்டம் லைப்ரரிகள், டேட்டாபேஸ் என்று வேறுபாடு ஆழமாகப் போனால், ஆப்பையும் அது ஓடும் சூழலையும் சேர்த்து கன்டெய்னராகக் கட்டித் தரும் டாக்கருக்குப் போங்கள். ஆதரவு முடிந்த பழைய மொழி வெர்ஷன் புதிய லினக்ஸில் கம்பைல் ஆக மறுத்தாலும் அதுவே சுலபமான வழி.

இமேஜில் "லேட்டஸ்ட்" டேக் வேண்டாம், 3.12-ஸ்லிம் போல எண்ணோடு எழுதுங்கள். நோட்_மாட்யூல்ஸும் .வென்வும் .டாக்கர்இக்னோரில் இருக்க வேண்டும். மேக்கில் கம்பைல் ஆனதை லினக்ஸ் கன்டெய்னருக்குள் நகலெடுத்தால் ஓடாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 13-இன் டேட்டா ஃபோல்டரை 16 திறக்காது. ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் தனி வால்யூம், தனிப் பெயர், தனி போர்ட் கொடுங்கள்.

12. அடிக்கடி வரும் பிழைகள்

"டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்": நோட் 17-இலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்தது, பழைய வெப்பேக் 4 அதோடு ஒத்துவராது. தேடினால் நோட்_ஆப்ஷன்ஸில் லெகசி ப்ரொவைடர் போடச் சொல்வார்கள். அதை ஷெல் ஃபைலில் நிரந்தரமாக வைத்தால், அதே கணினியில் உள்ள நோட் 16 அந்த ஆப்ஷனையே ஏற்காமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். ஒரு ப்ராஜெக்ட்டின் மருந்து இன்னொன்றுக்கு விஷம். அந்த ப்ராஜெக்ட்டை 16-இல் ஓட்டுங்கள், அல்லது ஆப்ஷனை அதன் பேக்கேஜ்.ஜேசன் ஸ்கிரிப்ட்டுக்குள் மட்டும் வையுங்கள். நோட் 16-இன் ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்தது. ஆகவே வெப்பேக் 5-க்கு மாறும் வேலையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்": ஜாவா காட்டும் எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. கம்பைல் செய்த ஜாவா புதியது, ஓட்டும் ஜாவா பழையது என்று பொருள்.

பைத்தானில் கலெக்ஷன்ஸ் மாட்யூலில் மேப்பிங் இல்லை என்று வந்தால்: 3.10-இல் அந்தப் பழைய பெயர்கள் நீக்கப்பட்டன. லைப்ரரி பழையது. உங்கள் கோடைத் திருத்தப் போகாதீர்கள், லைப்ரரியை ஏற்றுங்கள் அல்லது 3.9-க்கு இறங்குங்கள்.

பழைய ரூபி கம்பைல் ஆகும்போது ஓப்பன்எஸ்எஸ்எல் பகுதியில் உடைந்தால்: ரூபி 3.0-உம் அதற்கு முந்தையவையும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ ஏற்காது, உபுண்டு 22.04-இல் இருப்பதோ 3. முதலில் ரூபியைக் கம்பைல் செய்யும் கருவியான ரூபி-பில்டைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

13. பழைய வெர்ஷன்களை நீக்கும்போது

ஒரு வருடத்தில் பத்துப் பதினைந்து வெர்ஷன்கள் சேர்ந்துவிடும், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி. நீக்கும் முன் உங்கள் வேலை ஃபோல்டர் முழுக்க வெர்ஷன் ஃபைல்களையும் பைவென்வ்.சிஎஃப்ஜி ஃபைல்களையும் தேடி, இன்னும் யார் எந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கேட்காதவற்றை மட்டும் "பைஎன்வ் அன்இன்ஸ்டால்", "என்விஎம் அன்இன்ஸ்டால்" கொண்டு நீக்குங்கள். ஃபோல்டரைக் கையால் அழிக்க வேண்டாம், பைஎன்வில் ஷிம்கள் (கட்டளையை உரிய வெர்ஷனுக்கு அனுப்பும் சிறு ஃபைல்கள்) மிஞ்சிக் கிடக்கும்.

தவறிப்போய் ஒரு ப்ராஜெக்ட்டுக்குத் தேவையான பைத்தான் போய்விட்டால் அதன் .வென்வ் இல்லாத இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், எதுவும் ஓடாது. வெர்ஷன் ஃபைலில் உள்ள எண்ணை மறுபடி நிறுவி, .வென்வை அழித்து உருவாக்கி, லாக் ஃபைலிலிருந்து பேக்கேஜ்களை இறக்குங்கள்.